கால் கிலோ காபிப்பொடியில் என்ன இருக்கிறது?

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, ஆசனூர், புளிஞ்சூர் வழியாகச் சாமராஜநகரில் வந்து இறங்குகிற தமிழருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு காபி. மலைப்பாதையில் புரட்டிய வயிற்றுக்கும், சோதனைச் சாவடியில் நின்ற அலுப்புக்கும் அதுவே மருந்து. ஒரு காபியை இரண்டாகப் பகிர்ந்து தரும் 'பை டூ' வழக்கம் உள்ள ஊர் இது. அரை டம்ளரை ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம ஊர்க் காபி மாதிரி இல்லையே!" என்பார் ஒருவர். "போங்க அண்ணே, நம்ம ஊரை விட இதுதான் தேவலை" என்பார் கூட வந்தவர்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். ஆனால், எதனால் அப்படி என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் வராது. தண்ணீர் என்பார்கள், பால் என்பார்கள். பொடியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பொடி என்றால் பொடிதான் என்பது நம்மவர் எண்ணம்.

அப்படி அல்ல. கடையில் வாங்கும் கால் கிலோ பொடி பெரும்பாலும் ஒரே சரக்கு இல்லை. இரண்டு வகைக் காபிக் கொட்டையும் ஒரு கிழங்கு வேரும் அதில் கூடியிருக்கும். எது எவ்வளவு என்பதில்தான் ருசியும் இருக்கிறது. நாம் கொடுத்த காசுக்குக் கணக்கும் இருக்கிறது.

கண்ணுக்கு எதிரே காபி மலை

சாமராஜநகரிலிருந்து கிழக்கே பார்த்தால் பிளிகிரி ரங்கன் மலை தெரியும். 'பிளி' என்றால் கன்னடத்தில் வெள்ளை. உச்சியில் வெண்பாறை மீது ரங்கநாதர் கோயில். அந்த மலையின் காட்டுக்குள், ஏறத்தாழ 5000 அடி உயரத்தில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காபி விளைகிறது. ராண்டால்ஃப் ஹேய்டன் மோரிஸ் என்ற ஆங்கிலேயத் துரை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்திகான் என்ற இடத்தில் தோட்டம் போட்டார். அவர் மகன் ராண்டால்ஃப் கேம்ரூ மோரிஸ், ஹொன்னமேட்டித் தோட்டத்தில் வாழ்ந்தவர். யானை, காட்டெருமைகளைப் பற்றி எழுதி வேட்டைக்காரர்களிடமும் இயற்கை ஆராய்ச்சியாளர்களிடமும் பேர் வாங்கினார்.

தமிழர்களுக்கு இந்த மலை அந்நியம் அல்ல. மலையை ஒட்டிய கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோதுதான் அது மைசூர் ராஜ்யத்துடன் சேர்ந்தது. சாமராஜநகரும் 1997 வரை மைசூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அந்த ஆண்டில்தான் தனி மாவட்டம் ஆயிற்று.

மலையில் காபி வளர்ப்பவர்கள் தோட்ட முதலாளிகள் மட்டும் அல்ல. சோலிகர் என்னும் பழங்குடி மக்கள் பலர், குடிசையை ஒட்டிய துண்டு நிலத்தில், காட்டு மரங்களின் நிழலிலேயே காபிச் செடி வைத்திருக்கிறார்கள். இந்த மலைக் காடு 2011ல் புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டில் சோலிகர்களின் சமூக வன உரிமையும் சட்டப்படி ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் வாழும் மக்களுக்கு அப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே முன்மாதிரி என்று பேசப்பட்டது.

கண்ணுக்கு எதிரே காபி மலை இருக்கிறது. ஆனால், அடிவாரத்து ஊரில் டம்ளரில் இறங்குவது அந்த மலைக் காபியா, குடகுக் காபியா, இல்லை குஜராத் வேரா? குடிப்பவருக்குத் தெரியாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை

முதலில் அராபிகா. உயர்ந்த மலைகளில், குளிர்ச்சியில் வளர்வது. வாசனை இதனிடம்தான் அதிகம். நாக்கின் ஓரங்களில் மெல்லிய புளிப்பு தட்டும். "காபி புளிக்கிறது" என்றால் நம் வீடுகளில் அது குறை. ஆனால், ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தப் புளிப்பைத்தான் தேடுகிறார்கள். ஆறிப்போன குழம்பின் புளிப்பு வேறு. கமலா ஆரஞ்சுச் சுளையின் புளிப்பு வேறு. நல்ல அராபிகாவில் இருப்பது இரண்டாவது வகை.

அடுத்தது ரொபஸ்டா. தாழ்ந்த இடத்திலும் வளரும். பூச்சி, நோய்களை ஓரளவு தாங்கும். இந்தியாவில் இன்று விளையும் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் இதுதான். வாசனை குறைவு, கசப்பும் கனமும் அதிகம். காஃபின் என்ற சத்து அராபிகாவில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு என்றால், ரொபஸ்டாவில் இரண்டுக்கு மேல். இரவு ஷிப்டுக்காரர்களைத் தூங்க விடாமல் செய்வது இதுதான். மட்டமான ரகம் என்று இதை ஒதுக்குவது சரியல்ல. பாலை ஊற்றினால் அராபிகாவின் நயம் அமுங்கிவிடும். ரொபஸ்டாவோ பாலையும் மீறிக் குரல் கொடுக்கும். இத்தாலிக்காரர்கள் தங்கள் எஸ்பிரஸ்ஸோ காபிக்கு இந்திய ரொபஸ்டாவைக் கப்பல் கப்பலாக வாங்குவது சும்மா அல்ல.

கடையில் 'பிளாண்டேஷன் ஏ', 'பீபரி', 'செர்ரி' என்று சொல்வார்கள். இவை தனித்தனிச் செடிகள் என்று நினைப்பவர்கள் உண்டு. அராபிகாப் பழத்தின் தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி உலர்த்தினால் அது பிளாண்டேஷன். பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்துப் பிறகு உடைத்தால் அது செர்ரி. ஏ, பி என்பதெல்லாம் கொட்டையின் அளவு. 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கினால் ஏ, 6 மில்லிமீட்டரில் தங்கினால் பி. 'ஏ' என்பதற்காகவே ருசி உயர்ந்துவிடாது. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு பருப்புகள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று, உருண்டையாக விளையும். அதுதான் பீபரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாக உருண்டு சீராக வறுபடும். அந்த நன்மை உண்மை. மற்றபடி பீபரி என்ற பேருக்காகக் கொடுக்கும் கூடுதல் காசு பாதி கௌரவத்துக்குத்தான்.

மூன்றாவது சிக்கரி. இது காபியே அல்ல. ஒரு செடியின் வேரைத் துண்டு போட்டு உலர்த்தி, கருக வறுத்து அரைத்தது. குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கமும், உத்தரப் பிரதேசத்தில் ஏடா பக்கமும் விளைகிறது. நெப்போலியன் காலத்தில், 1806க்குப் பிறகு, இங்கிலாந்தோடு நடந்த வியாபார முற்றுகையால் ஐரோப்பாவுக்குக் காபி வரத்து குறைந்தது. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேரைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சத்துக்குக் கைகொடுத்தது பிறகு பழக்கமாகிவிட்டது. சிக்கரியில் காஃபின் கிடையாது. நிறத்தையும் கொழகொழப்பையும் ஒரு கருகிய இனிப்பையும் அது தரும். காபிப்பொடியில் மூன்றில் ஒரு பங்குகூட வெந்நீரில் கரையாது. சிக்கரியிலோ பெரும்பகுதி கரைந்து இறங்கிவிடும். அதனால்தான் சிக்கரி சேர்த்த டிக்காஷன் மை போல் கறுத்து நிற்கிறது. கறுப்பாக இருப்பதே 'ஸ்ட்ராங்' என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கலப்பது கலப்படம் அல்ல

கலவை என்றதும் மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். பிரான்சில் போர்தோ என்ற பகுதி திராட்சை மதுவுக்குப் பேர் போனது. அங்கே வெள்ளை மது செய்கிறவர்கள் சோவிஞான் பிளாங்க் என்ற திராட்சையின் சாறோடு செமியோன் என்ற இன்னொரு திராட்சையின் சாற்றைச் சேர்க்கிறார்கள். முன்னது புளிப்பும் மணமும் தரும். பின்னது கனமும் வழவழப்பும் தரும். ஒன்றின் குறையை மற்றது மூடும். எந்தச் சாறு எத்தனை பங்கு என்று ருசித்துப் பார்த்துத் தீர்மானிப்பதற்கே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நம் பிளாண்டேஷன், ரொபஸ்டா கணக்கும் அதேதான். மதுவின் பேரைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், மிளகாய் வற்றலில் நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று பார்த்துச் சேர்க்கும் சாம்பார்ப் பொடியை நினைத்துக்கொள்ளலாம்.

கலப்படம் என்பது சொல்லாமல் சேர்ப்பது. சொல்லிச் சேர்த்தால் அது கலவை.

உறிஞ்சித் துப்பும் உத்தியோகம்

காபியை ருசி பார்ப்பது பெங்களூரில் ஒரு உத்தியோகம். 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காபி வாரியத்தின் தலைமை அலுவலகம் அங்கே இருக்கிறது. தோட்டக்காரர்கள் காபியை வாரியத்திடம் ஒப்படைக்க, வாரியமே தரம் பிரித்து ஏலம் விட்ட காலம் ஒன்று இருந்தது. 1990களில் அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996 முதல் விளைவித்தவரே விற்கலாம் என்று ஆனது. வாரியத்தில் 1972ல் உதவிச் சுவைஞராகச் சேர்ந்தவர் சுனாலினி மேனன். ஆசியாவிலேயே இந்தத் தொழிலுக்கு வந்த முதல் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றி, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமைக்கு உயர்ந்து, பிறகு பெங்களூரிலேயே சொந்தமாக ஒரு காபிப் பரிசோதனைக்கூடம் தொடங்கினார்.

அவர்கள் ருசி பார்க்கும் விதம் நாம் குடிக்கும் விதம் அல்ல. பால் இல்லை, சர்க்கரை இல்லை, பில்டரும் இல்லை. 150 மில்லி தண்ணீருக்கு எட்டேகால் கிராம் பொடி. முதலில் உலர்ந்த பொடியை முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி நாலு நிமிஷம் விடுவார்கள். மேலே பொடி ஆடை போல் கட்டி நிற்கும். கரண்டியால் அந்த ஆடையை விலக்கும் கணத்தில் மூக்கைக் கிண்ணத்துக்குள் நுழைக்காத குறையாகக் குனிவார்கள். வாசனை முழுவதும் எழும்புவது அப்போதுதான். கொஞ்சம் ஆறியதும் ஒரு கரண்டி எடுத்து 'சர்ர்' என்று சத்தம் வர உறிஞ்சுவார்கள். பெரியவர்கள் பார்த்தால் அதட்டுவார்கள். ஆனால், காபி காற்றோடு கலந்து நாக்கு முழுவதும் படவும், மூக்கின் பின்புறம் ஏறவும் அந்தச் சத்தம் தேவை. பிறகு துப்பிவிடுவார்கள். ஒரே நாளில் பல கிண்ணங்களைப் பார்க்க வேண்டியவர் விழுங்கிக்கொண்டிருக்க முடியுமா?

அதே கிண்ணத்தைச் சூடாக ஒரு தடவை, வெதுவெதுப்பாக ஒரு தடவை, ஆறியபின் ஒரு தடவை பார்ப்பார்கள். சூடு எல்லாக் குறைகளையும் மறைக்கும். பூஞ்சை வாடை, மண் வாடை, ஊறல் மிஞ்சிய நாற்றம் எல்லாம் ஆறும்போது வெளியே வரும். வாசனை, புளிப்பு, கனம், விழுங்கியபின் நிற்கும் ருசி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, நூற்றுக்கு 80ம் அதற்கு மேலும் வாங்கினால் உயர்தரம் என்பது உலகச் சந்தையில் நெடுநாளாக இருந்துவரும் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வேலை

இதற்கு உத்தியோகம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். சாமராஜநகரிலும் மைசூரிலும் 'காபி ஒர்க்ஸ்' என்று பலகை மாட்டிய கடைகள் உண்டு. கண் எதிரே கொட்டையை நிறுத்து அரைத்துத் தருவார்கள். பிளாண்டேஷன் ஐம்பது கிராம், ரொபஸ்டா ஐம்பது கிராம், சிக்கரி கொஞ்சம் என்று மூன்று பொட்டலங்களாக, கலக்காமல் கேட்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். "ருசி பார்க்க, அண்ணா" என்றால் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுப்பார்.

மூன்று டம்ளர்களில் மூன்று பொடி, ஒவ்வொரு கரண்டி. ஒரே அளவு வெந்நீர். நாலு நிமிஷம். வெற்றிலை, புகையிலை, சிகரெட் எதுவும் அதற்கு முன் கூடாது. மூன்றையும் தனித்தனியாக ருசித்த பிறகு, நீங்கள் வழக்கமாக வாங்கும் பொடியை நாலாவது டம்ளரில் போட்டுப் பாருங்கள். இத்தனை வருஷம் குடித்தது எதன் ருசி என்பது அப்போது தெரியும். "அம்மா கையால் குடித்த காபி" என்று ஏங்குகிறவர்கள் சிலர், அந்த ருசியில் பாதி சிக்கரி என்று கண்டு திடுக்கிடலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பழகிய ருசி பழகிய ருசிதான். ஆனால், அது என்ன என்று தெரிந்து குடிப்பது வேறு.

பிறகு கலந்து பார்க்கலாம். பால் காபிக்கு பிளாண்டேஷன் அறுபது, ரொபஸ்டா நாற்பது என்று தொடங்கி, சிக்கரியை நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்று சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்ப்பது நல்ல வழி. இருபதைத் தாண்டினால் காபி வாசனை பின்வாங்கத் தொடங்கும். கொட்டையைக் கருக வறுக்கச் சொல்ல வேண்டாம். கருகல் எல்லா ரகத்தையும் ஒன்றாக்கிவிடும். மட்டச் சரக்கை மறைக்கவும் அதுவே வழி. மாவாக அரைத்தால் பில்டர் அடைத்துக்கொள்ளும். ரவையாக அரைத்தால் தண்ணீர் சத்தை இழுக்காமல் இறங்கிவிடும். ஒரு மாதப் பொடியை ஒரேயடியாக வாங்குவதும் வீண். அரைத்த பொடியின் வாசனை நாளுக்கு நாள் போய்க்கொண்டே இருக்கும். வாரத்துக்குக் கால் கிலோ என்றால் போதும்.

பாக்கெட்டின் சின்ன எழுத்து

கடையில் அரைத்து வாங்க நேரமில்லாதவர்கள் பாக்கெட் வாங்குகிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி, காபி சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். 49 பங்கு வரை வேர் இருந்தாலும் சட்டப்படி குற்றம் இல்லை என்பதே இதன் பொருள். அச்சிடுகிறார்கள். ஆனால், முகப்பில் ஆவி பறக்கும் டம்ளர் படம் பெரிதாக இருக்கும். சதவீதம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் கிலோ பாக்கெட்டில் 80க்கு 20 என்றால் காபி 200 கிராம். 60க்கு 40 என்றால் 150 கிராம். 51க்கு 49 என்றால் 127.5 கிராம்தான். பாக்கெட்டின் எடை ஒன்று, டிக்காஷன் நிறமும் ஏறக்குறைய ஒன்று. உள்ளே போன காபியில் மட்டும் 70 கிராமுக்கு மேல் வித்தியாசம்.

விலை ஏறும் காலத்தில் இதைக் கவனிக்காவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். 1975 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்து தோட்டங்கள் கருகின. 1977ல் உலகக் காபி விலை உச்சத்துக்குப் போயிற்று. அந்த உச்சம் நெடுங்காலம் பேசப்பட்டது. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அராபிகா அதையும் தாண்டியது. அதற்கு முன்பே, வியட்நாமில் மழை பொய்த்ததால் ரொபஸ்டாவும் ஏறியிருந்தது. இப்படி ஏறும்போது வியாபாரிக்கு இரண்டு வழிகள்: பாக்கெட் விலையைக் கூட்டுவது, இல்லையென்றால், விலையை அப்படியே வைத்துக்கொண்டு மலிவான சிக்கரியின் பங்கைக் கூட்டுவது. முதல் வழியை எல்லாரும் கவனிப்பார்கள், சண்டை போடுவார்கள். இரண்டாவது வழியைச் சின்ன எழுத்தைப் படிப்பவர் மட்டுமே கவனிப்பார். படிக்கத் தவறினாலும், பழகிய நாக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

உதிரியாக வாங்கிய பொடியில் சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை எடுத்து, மேலே ஒரு சிட்டிகை பொடியை அலுங்காமல் தூவ வேண்டும். காபி சிறிது நேரம் மிதக்கும். அதில் உள்ள எண்ணெய்ப் பசை காரணம். சிக்கரி சில விநாடிகளிலேயே மூழ்கும். மூழ்கும்போது பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே போகும். "சுத்தக் காபி" என்று சொல்லி விற்ற பொடியில் கோடு கோடாக இறங்கினால், திரும்பப் போய் நாலு வார்த்தை கேட்கலாம்.

பேர் இல்லாத மூட்டை

மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் பிளிகிரி ரங்கன் மலையில் காபிச் செடிகள் வெள்ளைவெளேரென்று பூக்கும். மல்லிகை போன்ற வாசனை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. பெரிய தோட்டங்களில் தோல் நீக்கும் இயந்திரம், கழுவும் தொட்டி, சிமெண்டுக் களம் எல்லாம் உண்டு. அத்திகான் தோட்டத்துக் காபி இன்று தோட்டத்தின் பேரோடேயே பெரிய நகரங்களில் விலை போகிறது. மலைக் காபிக்குப் பேர் கிடைத்தால் காசும் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

சிறு துண்டு நிலத்துக்காரர் நிலைமை வேறு. தொட்டியும் இயந்திரமும் இல்லாமல் பழத்தை வாசலில் கொட்டி, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டால், அந்தக் கணமே அது பேரை இழந்துவிடும். பல இடத்துச் சரக்கோடு கலந்து, சல்லடையில் பிரிந்து, ஏதோ ஒரு எழுத்தைச் சுமந்துகொண்டு கடைக்கு வரும். காட்டு நிழலில் விளைந்ததா, யார் வீட்டு வாசலில் காய்ந்தது என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகும்.

வாங்குகிறவர் கேட்டால் ஒழிய அந்தப் பேர் திரும்பி வராது. சாமராஜநகர்க் கடைகளில் கால் கிலோவுக்கு நிற்கும் தமிழ் வீட்டுக்காரர்கள், "பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு?" என்பதோடு, "இது எந்த மலைக் கொட்டை, அண்ணா?" என்றும் கேட்டுப் பார்க்கலாம். சில கடைக்காரர்கள் கையை விரிப்பார்கள். சிலர் எழுந்து போய், மூட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.